சிட்னியிலிருந்து சாண்டியாகோ எத்தனை கிலோமீட்டர்? விமானத் தூரம் கணக்கிடும் வழி

ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து சிலி நாட்டுத் தலைநகர் சாண்டியாகோவுக்குப் போய்வந்த மூன்று பேரிடம் தூரம் கேட்டால், ஒருவர் 11,340 என்பார், இன்னொருவர் 7,046 என்பார், மூன்றாமவர் 6,123 என்பார். மூன்றும் ஒரே தூரம்தான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது சாதாரண மைல், மூன்றாவது கடல் மைல். அலகை எழுதாமல் விட்டதால் வந்த வினை. நான்காவதாக ஒருவர் இருக்கைக்கு எதிரே இருக்கும் திரையைப் பார்த்து 11,900 என்று எழுதிக்கொண்டு வந்தால், அதையும் பொய் என்று சொல்லிவிட முடியாது. அவர் எழுதியது விமானம் அன்றைக்குச் சுற்றிப் போன தூரம்.

அலுவலகத்தில் பயணப் படிவங்களைச் சரிபார்ப்பதும், ஆண்டு முடிவில் கரியமில வாயுக் கணக்குக்காக அந்தத் தூரங்களைத் தொகுத்துக் கொடுப்பதும் என் வேலை. அதனால் இந்த எண்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள் நான். தூரம் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. எந்தத் தூரம் வேண்டும் என்று முடிவு செய்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. பெரும்பாலான படிவங்கள் கோணலாவது அங்கேதான், கணக்கில் இல்லை.

முதலில், எதற்காகக் கேட்கிறீர்கள்?

பேச்சில் "விமானத் தூரம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். உண்மையில் அதற்குள் மூன்று தூரங்கள் இருக்கின்றன. பூமியின் மேற்பரப்பை ஒட்டியபடி இரண்டு நிலையங்களுக்கு நடுவே போகக்கூடிய மிகக் குறைந்த தூரம் ஒன்று. பூமியைச் சரிபாதியாக வெட்டும் வட்டத்தின் ஒரு துண்டு அது, அதனால் பெருவட்டத் தூரம் என்று பெயர். அன்றைய காற்று, போர், புயல், நெரிசல் எல்லாவற்றையும் அனுசரித்து விமானம் நிஜமாகப் பறந்த தூரம் இன்னொன்று. கட்டணத்துக்கும், அடிக்கடி பறப்பவர்களுக்குச் சலுகையாகத் தரும் மைல் புள்ளிகளுக்கும் விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் அட்டவணைத் தூரம் மூன்றாவது.

கரியமில வாயுக் கணக்கு என்றால் பெருவட்டத் தூரத்தை எடுத்து, அதோடு நீங்கள் பின்பற்றும் முறை சொல்கிற கூடுதலைச் சேர்க்க வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கணக்கிடும் முறையில், 550 கி.மீ.க்குக் குறைந்த பயணத்துக்கு 50 கி.மீ., 550 முதல் 5,500 வரை 100 கி.மீ., அதற்கு மேல் 125 கி.மீ. என்று கூட்டுகிறார்கள். வளைந்து போவதற்கும் இறங்குமுன் வட்டமடிப்பதற்கும் சேர்த்து ஒரு உத்தேசம்.

விமானம் தாமதமாகி இழப்பீடு கேட்கப் போகிறீர்கள் என்றாலும் பெருவட்டம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி, 1,500 கி.மீ., 3,500 கி.மீ. என்ற இரண்டு எல்லைகளை வைத்து இழப்பீட்டைப் பிரிக்கிறது. தூரத்தைப் பெருவட்ட முறையில்தான் அளக்க வேண்டும் என்று அந்த விதியே சொல்லிவிடுகிறது. விமானம் சுற்றிப் போனது என்று நீங்களும் வாதாட முடியாது, அவர்களும் வாதாட முடியாது.

மைல் புள்ளிகளுக்காக என்றால் நீங்கள் கணக்குப் போட்டுப் பயனில்லை. நிறுவனத்தின் அட்டவணை என்ன சொல்கிறதோ அதுதான். நீங்கள் கண்ட எண்ணுக்கும் அவர்கள் எண்ணுக்கும் ஐந்தாறு மைல் இடித்தால் கடிதம் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள்.

விமான நிலையம் எங்கே இருக்கிறது?

கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பிழைகள் கிளம்புவது இங்கிருந்துதான். ஊர் பெயரை நம்பாதீர்கள், மூன்றெழுத்துக் குறியீட்டை நம்புங்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் ஒரு சிட்னி இருக்கிறது. ஆஸ்திரேலியா என்று நினைத்து டிக்கெட் எடுத்து அங்கே போய் இறங்கியவர்கள் செய்தியில் வந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலிய சிட்னியின் குறியீடு எஸ்.ஒய்.டி., கனடா சிட்னியுடையது ஒய்.க்யூ.ஒய். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேவும் கோஸ்டா ரிகாவின் சான் ஹோசேவும், எஸ்.ஜே.சி.யும் எஸ்.ஜே.ஓ.வும், ஓர் எழுத்தில்தான் வேறுபடும். சாண்டியாகோ என்ற பெயரில் ஸ்பெயினிலும் ஒரு நிலையம் இருக்கிறது. இங்கே நாம் எடுத்துக்கொள்வது சிலியின் எஸ்.சி.எல்.

ஒரே ஊருக்குப் பல நிலையங்கள் இருந்தால் எது என்று கேட்டு வாங்குங்கள். டோக்கியோவின் நரீட்டாவுக்கும் ஹனேடாவுக்கும் நடுவே ஏறக்குறைய 60 கி.மீ. இருக்கிறது. நீண்ட பயணத்தில் இது பெரிய விஷயமில்லை. ஆனால் 1,500 கி.மீ. எல்லையை ஒட்டி நிற்கிற பயணத்தில் இதுவே இழப்பீட்டைக் கூட்டவும் குறைக்கவும் போதும்.

குறியீடு கிடைத்ததும் அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுங்கள். ஒவ்வொரு நாட்டின் விமானப் போக்குவரத்துத் துறையும் வெளியிடும் அதிகாரபூர்வக் கையேட்டில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு குறிப்புப் புள்ளி கொடுத்திருப்பார்கள். பெரும்பாலும் அது ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டி இருக்கும், பயணிகள் நுழையும் கட்டிடத்தில் இருக்காது. சிட்னிக்கு அங்கே 335646 தெற்கு, 1511038 கிழக்கு என்று போட்டிருக்கும். புள்ளியும் இல்லாமல் இடைவெளியும் இல்லாமல் நிற்கிற இந்த எண்ணைப் பார்த்ததும் பலர் 33.5646 என்று தட்டிவிடுகிறார்கள். அது 33 டிகிரி, 56 நிமிடம், 46 விநாடி. நிமிடத்தை 60 ஆலும் விநாடியை 3,600 ஆலும் வகுத்துக் கூட்டினால் 33.946 வரும். இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் தரையில் 42 கி.மீ. நிலையத்தைத் தூக்கிக் கொண்டுபோய் வேறு இடத்தில் வைத்துவிட்ட மாதிரி.

அடுத்தது கூட்டல் கழித்தல் குறி. வடக்கும் கிழக்கும் கூட்டல், தெற்கும் மேற்கும் கழித்தல். சிட்னி: அட்சரேகை −33.95, தீர்க்கரேகை 151.18. சாண்டியாகோ: −33.39, −70.79. இந்தக் கடைசி எண்ணின் முன்னால் இருக்கும் கழித்தல் குறியை மறந்தால் விடை 7,200 கி.மீ. சுற்றில் வரும். பார்ப்பதற்கு நம்பும்படியான எண்தான், அதுதான் ஆபத்து. அந்த 70.79 கிழக்கில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதித் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை.

கணக்குக்கு முன் ஒரு நூல்

வீட்டிலோ அலுவலகத்திலோ உலக உருண்டை ஒன்று இருந்தால், சூத்திரத்துக்குப் போகுமுன் ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். நீளாத நூலாக இருக்க வேண்டும். வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை நேர்க்கீழாக நூலைப் பிடித்து, அந்த நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 10,000 கி.மீ. இந்த முழு எண் தற்செயலாக அமைந்ததில்லை. 1791இல் பிரான்சில் மீட்டரை வரையறுத்தபோது, துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை உள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்றுதான் வைத்தார்கள். பிறகு வரையறை மாறிவிட்டது, ஆனாலும் அந்தத் தூரம் இன்றும் 10,000 கி.மீ.க்கு இரண்டு கி.மீ. கூடவே தவிர, அதிகம் விலகவில்லை.

இப்போது நூலின் ஒரு முனையைச் சிட்னியில் அழுத்திப் பிடித்து, மறு முனையைச் சாண்டியாகோவில் வைத்து இழுத்து விறைப்பாக்குங்கள். நூல் தானாகவே தெற்கே வழுக்கி அண்டார்டிகாவின் பக்கம் போய் நிற்கும். அதுதான் பெருவட்டப் பாதை. நீளத்தை 10,000 கி.மீ. குறியோடு ஒப்பிட்டால் அதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று கண்ணுக்கே தெரியும். இந்த உத்தேசம் மனதில் இருந்தால், பின்னால் கணக்கில் 7,200 என்றோ 19,000 என்றோ வரும்போது உடனே உறுத்தும்.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் கணினியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "அக்கா, ரெண்டு ஊரும் ஒரே நேர்க்கோட்டில இருக்கு, இது ஏன் இப்படித் தொங்குது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. இரண்டு நிலையங்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, ஒன்று 33.95, மற்றது 33.39. வரைபடத்தில் ஒரு அளவுகோலை வைத்தால் படுக்கையாக ஒரு கோடு வரும். அந்தக் கோட்டிலேயே போனால் 12,770 கி.மீ. ஆகும். தொங்குகிற கோட்டில் 11,340. கிட்டத்தட்ட 1,430 கி.மீ. மிச்சம்.

குற்றவாளி வரைபடம்தான். சுவரிலும் திரையிலும் நாம் அதிகம் பார்ப்பது 1569இல் மெர்காட்டர் என்ற வரைபடக்காரர் போட்ட முறையை ஒட்டியது. கப்பலோட்டிகள் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போவதற்கு வசதியாகச் செய்யப்பட்டது அது. துருவத்தை நெருங்க நெருங்க எல்லாவற்றையும் அகலமாக இழுத்துவிடும். அதில் நேராகத் தெரிவது குறுக்குவழி ஆகாது, வளைவாகத் தெரிவது சுற்றுவழியும் ஆகாது. அந்தப் பையனிடம் உருண்டையையும் நூலையும் கொடுத்தேன், அப்புறம் அந்தக் கேள்வி வரவில்லை.

சூத்திரம்

இதற்கு ஹேவர்சைன் முறை என்று பெயர். கால்குலேட்டரில் சைன், காஸ், தலைகீழ் சைன், வர்க்கமூலம் இருந்தால் போதும். பூமியைச் சரியான உருண்டை என்று வைத்துக்கொண்டு, சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று எடுத்துக்கொள்கிறோம். அப்படியானால் ஒரு டிகிரிக்கு 111.195 கி.மீ.

முதலில் இரண்டு அட்சரேகைகளின் வித்தியாசம்: 0.56 டிகிரி. அதில் பாதி 0.28. அதன் சைனை எடுத்து வர்க்கப்படுத்தினால் 0.00002. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருப்பதால்தான் இவ்வளவு சிறிதாக வருகிறது.

அடுத்து தீர்க்கரேகை வித்தியாசம். 151.18லிருந்து −70.79ஐக் கழித்தால் 221.97. இது 180ஐத் தாண்டிவிட்டது, அதாவது உலகத்தை நீளமான பக்கமாகச் சுற்றி அளந்திருக்கிறோம். 360இல் கழித்தால் 138.03. இதைச் செய்ய மறந்தாலும் பாதகமில்லை, பாதியாக்கிச் சைன் எடுக்கும்போது இரண்டுக்கும் ஒரே மதிப்புதான் வரும். பாதி 69.015. சைனின் வர்க்கம் 0.87175.

இரண்டு அட்சரேகைகளின் காஸ் மதிப்புகள் 0.82953, 0.83494. இரண்டையும் பெருக்கினால் 0.69261. இதை 0.87175ஆல் பெருக்கினால் 0.60378. முதலில் கண்ட 0.00002ஐக் கூட்டினால் 0.60380.

இனி இறங்கு வரிசை. வர்க்கமூலம் 0.77705. அதன் தலைகீழ் சைன் 50.99 டிகிரி. இரண்டால் பெருக்கினால் 101.98 டிகிரி. அதை 111.195ஆல் பெருக்கினால் 11,340 கி.மீ.

எக்ஸெலில் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: அதன் சைனும் காஸும் டிகிரியைப் புரிந்துகொள்ளாது, கோணத்தை அளக்கும் இன்னொரு அலகான ரேடியனைத்தான் கேட்கும். எண்ணை முதலில் ரேடியனாக மாற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் 30 டிகிரியின் சைனைப் போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் சரி, −0.988 வந்தால் நீங்கள் டிகிரியை மாற்றாமல் கொடுத்திருக்கிறீர்கள். முழுச் சூத்திரத்தையும் சோதிக்க, பூமத்திய ரேகையில் 0 தீர்க்கரேகைக்கும் 90 தீர்க்கரேகைக்கும் இடையே தூரம் கேளுங்கள். 10,008 கி.மீ. வர வேண்டும்.

எந்தப் பயணத்துக்கும் விடை 20,015 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. அது பூமியின் சுற்றளவில் பாதி. உலகத்தில் எந்த இரண்டு இடத்துக்கும் நடுவே இதைவிட அதிகப் பெருவட்டத் தூரம் கிடையாது. தாண்டினால் எங்கோ பெருக்கல் இடித்திருக்கிறது, அல்லது கிலோமீட்டரை மைல் என்று எண்ணி இன்னொரு தடவை மாற்றியிருக்கிறீர்கள்.

கடல் மைல் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு டிகிரியில் 60 நிமிடம். ஒரு நிமிட வளைவுக்குத் தரையில் எவ்வளவு தூரமோ அதுதான் ஒரு கடல் மைல் என்ற எண்ணத்தில் பிறந்தது அது. 1929இல் மொனாக்கோவில் கூடிய மாநாடு அதை 1,852 மீட்டர் என்று நிலைநிறுத்தியது. ஆகவே 101.98ஐ 60ஆல் பெருக்கினாலே 6,119 கடல் மைல் கிடைத்துவிடும். 11,340ஐ 1.852ஆல் வகுத்தால் 6,123. நான்கு மைல் வித்தியாசத்துக்காக யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். விமானிகளும் பறப்புத் திட்டங்களும் பேசுவது இந்த மைலில்தான். டிக்கெட் மைல் என்பது 1.609 கி.மீ. கொண்ட சாதாரண மைல். 6,123ஐச் சாதாரண மைல் என்று எண்ணி மாற்றினால் 9,854 கி.மீ. வரும், ஏறக்குறைய 1,500 கி.மீ. காணாமல் போய்விடும்.

கால்குலேட்டர் இல்லாதபோது

தீர்க்கரேகை வித்தியாசம் 180க்குப் பக்கத்தில் இருக்கும் பயணங்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. சிங்கப்பூரின் சாங்கி நிலையம் 103.99 கிழக்கு, நியூயார்க்கின் கென்னடி நிலையம் 73.78 மேற்கு. கூட்டினால் 177.77. அதாவது ஒன்றுக்கொன்று உலகத்தின் மறுபக்கம். அப்படியென்றால் குறுகிய பாதை வட துருவத்தை உரசிக்கொண்டுதான் போகும். சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 90இல் 1.35 போக 88.65 டிகிரி. துருவத்திலிருந்து நியூயார்க் வரை 90இல் 40.64 போக 49.36. மொத்தம் 138.01 டிகிரி, 111.195ஆல் பெருக்கினால் 15,346 கி.மீ. ஹேவர்சைனில் முழுதாகப் போட்டால் 15,340. ஆறு கி.மீ.தான் வித்தியாசம், சைனும் வேண்டாம் காஸும் வேண்டாம்.

சூத்திரமே வேண்டாம் என்கிறவர்கள் கூகுள் மேப்ஸைக் கணினியில் திறந்து, ஒரு நிலையத்தின் மேல் வலது பக்கப் பொத்தானை அழுத்தி, தூரத்தை அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, மற்ற நிலையத்தைத் தொட்டால் போதும். அது பெருவட்டத்தில்தான் அளக்கிறது. தவறுதலாக வண்டி வழியைக் கேட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

எவ்வளவு துல்லியம் போதும்?

பூமி முழு உருண்டை இல்லை. பூமத்திய ரேகையில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. இடுப்பில் கொஞ்சம் பெருத்திருக்கிறது. அதனால் உருண்டை என்று வைத்துப் போடும் கணக்கில் அரை சதவீதம் வரை பிசகலாம், 10,000 கி.மீ.க்கு 50 கி.மீ. பெரும்பாலும் அவ்வளவு கூட வராது. எல்லைக்கோட்டை ஒட்டிய இழப்பீட்டு வழக்கு மாதிரி ஏதாவது இருந்தால் மட்டும், பூமியின் நிஜ வடிவத்தை வைத்துப் போடும் வின்சென்டி முறைக்குப் போங்கள். 1975இல் வந்தது, மில்லிமீட்டர் வரை சரியாக இருக்கும். ஆனால் இரண்டு நிலையங்களும் ஏறக்குறைய நேரெதிர்ப் புள்ளிகளில் இருந்தால் அந்தக் கணக்கு முடிவுக்கு வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது 2013இல் கார்னி வெளியிட்ட முறைதான் கைகொடுக்கும்.

மற்றபடி, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் கேட்கிற மேலதிகாரிகள் எல்லா அலுவலகத்திலும் இருப்பார்கள். 11,339.87 கி.மீ. என்று எழுதினால் அவர்களுக்கு நிம்மதி. விமானம் ஓடுபாதையில் உருண்டு போகிற தூரமே அந்த 0.87ஐப் போலப் பல மடங்கு. விமானம் 11 கி.மீ. உயரத்தில் பறப்பதாலேயே 10,000 கி.மீ. பயணத்துக்குச் சுமார் 17 கி.மீ. கூடிவிடுகிறது. பத்தின் மடங்காக முழுமைப்படுத்தி எழுதுவதுதான் நேர்மை.

நிஜமாகப் பறந்த தூரம்

சிட்னி – சாண்டியாகோ பெருவட்டம் நடுவழியில் ஏறக்குறைய 62 டிகிரி தெற்கு வரை இறங்குகிறது. அண்டார்டிக் ஒப்பந்தத்தின் எல்லையான 60 டிகிரியைத் தாண்டிவிடும். அங்கே கீழே கடலும் பனியும்தான். இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால் குறிப்பிட்ட நேரத்துக்குள் இறங்குவதற்கு ஒரு நிலையம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. எவ்வளவு நேரம் என்பது அந்த விமான வகைக்கும் நிறுவனத்துக்கும் கிடைத்திருக்கும் அனுமதியைப் பொறுத்தது. அதனால் ஒரே தடத்தில் ஒரு நிறுவனம் தெற்கே ஆழமாக இறங்கும், இன்னொன்று வடக்கே ஒதுங்கிப் போகும்.

அடுத்த காரணம் காற்று. இதற்கு 2016இல் ஏர் இந்தியா செய்த மாற்றத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. டெல்லி – சான் பிரான்சிஸ்கோ பெருவட்டத் தூரம் 12,400 கி.மீ. சுற்றில். அதுவரை அட்லாண்டிக் வழியாக ஏறக்குறைய 13,900 கி.மீ. பறந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் பசிபிக் வழியாக, 15,300 கி.மீ. பறந்து போனார்கள். 1,400 கி.மீ. அதிகம், ஆனால் பயண நேரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்தது. நடு அட்சரேகைகளின் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு போனதுதான் காரணம். விமானிக்குத் தரையில் எத்தனை கிலோமீட்டர் என்பதைவிடக் காற்றில் எத்தனை மணி நேரம் என்பதுதான் எரிபொருள்.

இதே காற்றுதான் 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றை நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. தரையை வைத்துப் பார்த்தால் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. அதே தூரத்தைத் திரும்பிப் பறக்கிற விமானங்களுக்குச் சாதாரண நாளிலேயே ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து, பயண நேரத்தை அதனால் பெருக்கித் தூரம் கண்டுபிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். போகும்போது ஒரு தூரமும் வரும்போது இன்னொரு தூரமும் வரும்.

மூன்றாவது காரணம் மூடிய வான்வெளி. ஹெல்சின்கி – நரீட்டா பெருவட்டத் தூரம் 7,830 கி.மீ.தான், பெரும்பகுதி ரஷ்யாவின் மேல். 2022இல் அந்த வான்வெளி மூடப்பட்ட பிறகு ஃபின்ஏர் விமானங்கள் வட துருவத்தைச் சுற்றியோ, தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ போக வேண்டியதாயிற்று. ஒன்பது சொச்சம் மணி நேரப் பயணம் 13 மணி நேரத்தைத் தொட்டது. படிவத்தில் அந்தப் பயணத்துக்கு நான் இன்றும் 7,830 என்றுதான் எழுதுகிறேன், முறை அப்படி. ஆனால் எரிந்த எரிபொருள் அந்த எண்ணுக்குள் அடங்காது என்பது எனக்கும் தெரியும். அதனால் பக்கத்தில் ஒரு குறிப்புப் போடுகிறேன்.

நிஜத் தூரம் வேண்டும் என்றால் ஃப்ளைட்ரேடார்24 மாதிரித் தளங்களில் அந்த நாளின் தடத்தைப் பார்க்கலாம். நடுக்கடலில் தரை நிலையங்களுக்குச் சமிக்ஞை எட்டாத இடங்களில் கோடு உத்தேசமாகத்தான் போடப்பட்டிருக்கும். அந்தப் பகுதியை அப்படியே நம்பிக் கூட்டாதீர்கள்.

வழியில் மாறிப் போகும் பயணம்

ஒரு நிலையத்தில் இறங்கி வேறு விமானம் ஏறினால், கரியமில வாயுக் கணக்குக்கு ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய கூடுதலைச் சேர்த்து, பிறகு மொத்தமாக்க வேண்டும். முதல் ஊரையும் கடைசி ஊரையும் மட்டும் வைத்து அளந்தால் எண் குறைந்துதான் வரும்.

இழப்பீட்டுக்கு இதற்கு நேர்மாறு. ஒரே முன்பதிவில் தொடர்விமானம் எடுத்திருந்தால், கிளம்பிய நிலையத்துக்கும் இறுதியாகச் சேரும் நிலையத்துக்கும் இடையே உள்ள பெருவட்டத் தூரத்தையே பார்க்க வேண்டும், நடுவில் வளைந்ததைச் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017இல் தீர்ப்புச் சொன்னது. ஒரே பயணம், இரண்டு படிவம், இரண்டு தூரம். இரண்டும் சரி.

அதனால் எங்கள் படிவத்தில் தூரக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே நான்கு சிறு கட்டங்கள் சேர்க்கச் சொல்லி வாங்கினேன்: இரண்டு நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடு, அலகு, பெருவட்டமா பறந்ததா, ஒருவழியா இருவழியா. கடைசிக் கட்டத்தைத்தான் இன்னும் பாதிப் பேர் காலியாக விடுகிறார்கள், 22,680 என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.